மறு: பைபார்ட்டிசன் – "இருதரப்பு" வேண்டாமே

> இருதரப்பு ஆதரவுன்னே போட்டுடலாம், பேப்பர்ல அப்படித்தான் வருது.

ஐயா வணக்கம். அமெரிக்காவுல ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி ரெண்டும் சேந்து செய்யறதை பைபார்ட்டிசன்னு (bipartisan) சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ச் சொல்லா "இருதரப்பு"வை, பேப்பர்ல வருதுங்கறதுக்காக எடுத்துக்க வேண்டாம்னு தோணுது. இருதரப்புன்னாலே நம்மாளுக்கு இந்தியா-இலங்கை பேச்சுவார்த்தைதான் ஞாபகம் வரும், ரெண்டு நாட்டு விவகாரத்துக்கு அது ஊறிப்போன சொல், அதையே இங்கயும் போட்டு "அமெரிக்க செனட்டில் இருதரப்பு மசோதா"ன்னு எழுதினா எந்த நாட்டோடன்னு கேப்பாங்க. அக்கா சொன்ன "அனைத்துக்கட்சி"யும் சரிவராது, அது காவிரிப் பிரச்சினைக்கு முதல்வர் கூட்டுற கூட்டம். அமெரிக்காவுல கணக்குல வர்றதே ரெண்டு கட்சிதான்.

அதனால "இருகட்சி"தான் என் ஓட்டு. சில சட்டங்கள்ல பொருத்திப் பாப்போம். 2021 உள்கட்டமைப்புச் சட்டம், ரோடு பாலத்தோட மின்வண்டி சார்ஜர் வரைக்கும் காசு ஒதுக்கினது, செனட்ல, அதாவது அவங்க மேல்சபைல, ஆதரவு 69, எதிர்ப்பு 30. 2022ல செமிகண்டக்டர் தொழிற்சாலைக்கு மானியம் குடுத்த சிப்ஸ் சட்டம் (உருளைக்கிழங்கு இல்ல) 64-33. 2024ல அணு உலை அனுமதியை வேகப்படுத்துற அட்வான்ஸ் சட்டம் 88-2. மூணுக்குமே "இருகட்சி ஆதரவு" கச்சிதமா உக்காருது.

2022 ஆகஸ்ட்ல வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்கு உக்காராது. பேருதான் அப்படி, உள்ள இருந்ததெல்லாம் சோலார், காற்றாலை, பேட்டரிக்கு வரிச்சலுகை. 50-50ன்னு நின்னு அப்ப துணை ஜனாதிபதியா இருந்த கமலா ஹாரிஸ் ஓட்டுலதான் தேறுச்சு, குடியரசுக் கட்சிக்காரங்க ஓட்டு ஒண்ணுகூட விழல. 2025 ஜூலைல குடியரசுக் கட்சிக்காரங்க அதே மாதிரி 50-50ல நின்னு துணை ஜனாதிபதி ஜே.டி. வான்ஸ் ஓட்டால ஒரு சட்டத்தை நிறைவேத்தி அந்தச் சலுகைகள்ல நிறைய வெட்டிட்டாங்க. இந்த மாதிரி ஓட்டுக்கும் எதிர்ச்சொல் வேணும், "ஒருகட்சி"ன்னா சீனா நெனப்பு வருது, நான் "கட்சிவழி ஓட்டு"ன்னு சொல்லிப் பாக்கறேன்.

"ஆதரவு" மட்டும் எல்லா இடத்துக்கும் பத்தாது. ஒருத்தர் கொண்டுவந்த பில்லுக்கு இன்னொருத்தர் கை தூக்கறது ஆதரவு. ஜனாதிபதி தேர்தல்ல மாநிலங்கள் அனுப்பற ஓட்டை நாடாளுமன்றம் எப்படி எண்ணணும்னு சொல்ற 1887 தேர்தல் எண்ணிக்கைச் சட்டத்தைத் திருத்தினப்ப நடந்தது வேற, குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸும் அப்ப ஜனநாயகக் கட்சில இருந்த செனட்டர் ஜோ மான்ச்சினும் ரெண்டு பக்க ஆளுங்களையும் உக்கார வெச்சு சேந்தே எழுதினாங்க. முன்னாடி ஒரு மாநில முடிவை எதிர்க்க ரெண்டு சபையிலயும் ஆளுக்கொருத்தர் கையெழுத்து போட்டா போதும், இப்ப ரெண்டு சபையிலயும் அஞ்சுல ஒரு பங்கு பேர் வேணும், துணை ஜனாதிபதிக்கு அந்த எண்ணிக்கைல வெறும் சம்பிரதாய வேலைதான்னும் எழுதிட்டாங்க. இதுக்கு "இருகட்சி உடன்பாடு". நீங்க கேட்டிருந்த "காமன் கிரவுண்டு"க்கும் (ரெண்டு பக்கமும் ஒத்துப்போற விஷயம்) "உடன்பாடு" போதும், "பொதுத்தளம்"னா நாலாவது மாடியா அஞ்சாவது மாடியான்னு இருக்கு.

> அப்ப அந்த ஊர் தேர்தல் கமிஷன்? அதுவும் பைபார்ட்டிசன்னுதான சொல்றாங்க, அங்க ஏது உடன்பாடு?

இதுதான் சரியான கேள்வி. நம்ம தேர்தல் ஆணையம் மாதிரி அது தேர்தல் நடத்தாது, பிரச்சாரப் பணத்தை மட்டும் பாக்கும். சட்டப்படி ஆறு பேர், ஒரே கட்சிக்காரங்க மூணு பேருக்கு மேல இருக்கக் கூடாது, முடிவு எடுக்க நாலு ஓட்டு வேணும். அதனால 3-3ன்னு முட்டிக்கிட்டு நிக்கறது அங்க சகஜம். இங்க பைபார்ட்டிசன்னா ஆள் எடுக்கற விதம், ஒத்துமை கிடையாது. அதான் "இருகட்சி"யை மட்டும் வேர்ச்சொல்லா வெச்சுக்கிட்டு பின்னாடி வர்றதை மாத்தணும்ங்கறேன், ஆதரவு, உடன்பாடு, ஆணையம்னு. எந்தக் கட்சியையும் சேராத நான்பார்ட்டிசனுக்கு "கட்சிசாரா", அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு பட்ஜெட் கணக்குப் போடற அலுவலகத்துக்கு அதான் பொருந்தும், ரெண்டையும் ஒண்ணாக்கிடாதீங்க.

"இருகட்சி முறை"யோட குழம்பும்னு ஒருத்தர் சொல்லலாம், "முறை" கூட இருக்கறதால குழம்பாதுன்னு நினைக்கறேன். "கட்சிவழி ஓட்டு"தான் எனக்கே அரைமனசு, வேற நல்லதா யாருக்காவது தோணுதா?