டாக்ஸ்ஹண்ட் நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்: முதுகு டிஸ்க் பிரச்சினை
எங்கள் டாக்ஸ்ஹண்டுக்கு 5 வயது. போன வாரம் சோபாவிலிருந்து குதித்தவன் வீல் என்று கத்தினான், அப்புறம் பின்னங்கால் இரண்டும் தள்ளாட ஆரம்பித்துவிட்டன. முதுகெலும்பில் டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கியிருக்கிறது, நீள முதுகும் குட்டைக் காலுமான இந்த இனத்தில் நாலில் ஒன்றுக்கு இது வரும் என்றார் டாக்டர். 6 வாரம் கூண்டில் ஓய்வு, வலி மாத்திரை, எடையும் குறைய வேண்டுமாம் (தின்பண்டம் கொடுத்தே கெடுத்தது நான்தான்). சிறுநீர் போவதில் இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் கூண்டில் விட்டால் ராத்திரி முழுக்க அழுகிறான், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? தேறிய பிறகு மறுபடி வந்ததா? அறுவை சிகிச்சை வரை போனவர்கள் இருந்தால், நடக்க எவ்வளவு நாளானது என்று சொல்லுங்கள். 12 முதல் 16 வயதுவரை வாழும் இனம், இவனுக்கு இன்னும் பாதி ஆயுள்கூட ஆகவில்லை.