கம்ப்யூட்டர்ல இருக்கிற விமான மாடல்ல ஜோன் போட்டு (வேண்டிய பகுதியை மட்டும் பிரிச்சுத் திறக்கிறது) மாட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

திருநகர்க்காரன்:
மதுரையில வீட்டுல உக்காந்தே ஒரு வெளிநாட்டு விமானத்துக்கு ஹைட்ராலிக் பைப் வரைஞ்ச காலம். முழு அசெம்பிளியையும் திறந்தா சிஸ்டம் செத்துப்போகும். இடதுபக்க வீல் வெல் (சக்கரம் மடங்கி உள்ள போற குழி) மட்டும் வர்ற மாதிரி ஜோன் போடச் சொன்னாங்க.

விமானத்தைப் பகுதி பகுதியாப் பிரிச்சுக் குடுக்கிற ஏடிஏ ஜோன் நம்பர் இருக்கே, அதை வச்சுத் தேடிரலாம்னு நினைச்சேன். பாடியோட கீழ்ப்பாதி 100, இடது இறக்கை 500, வலது 600, லேண்டிங் கியர் (சக்கரமும் அதைத் தாங்குற காலும்) 700. ஆனா அது மெக்கானிக் எங்கிட்டுப் போய்க் கை வைக்கணும்னு சொல்ற விலாசம். எங்களுக்கு வேண்டியது மில்லிமீட்டர். நீளவாக்குல ஸ்டேஷன், நடுக்கோட்டுல இருந்து பட்டக் லைன், உயரத்துக்கு வாட்டர் லைன். ஒவ்வொண்ணுக்கும் தொடக்கம், முடிவு. ஆறு எண் குடுத்தா ஒரு பெட்டி.

குடுத்தேன். சம்பந்தமே இல்லாத பார்ட்டெல்லாம் வந்து கொட்டுச்சு, பயணிகள் இருக்கிற பகுதியைச் சுத்தி நிக்கிற வளைய ஃபிரேம் உட்பட. எங்க லீடு அண்ணன் சிரிச்சாரு. "சித்திரைத் தேர் நாலு மாசி வீதியும் சுத்துது. அது போற வழிக்கு ஒரு பெட்டி போடு, அம்மன் சந்நிதியும் உள்ள வந்துரும். அதுக்காகத் தேர் சந்நிதிக்குள்ள ஓடுதுன்னு சொல்லுவியாடா?"

சாஃப்ட்வேர் முதல்ல பார்க்கிறது பார்ட்டை இல்ல, பார்ட்டைச் சுத்தின பெட்டியை. நீளத்துல 4 மீட்டர், குறுக்கே 1.5, உயரத்துல 1 மீட்டர்னு சரிஞ்சு போற ஒரு அங்குல பைப்புக்குப் பெட்டி 6 கன மீட்டர். பைப் அடைக்கிற இடம் அதுல ஆயிரத்துல ஒரு பங்குகூட வராது. பெட்டியில சிக்கினதை மட்டும் எடுத்து, நிஜ வடிவத்தை வச்சு ரெண்டாவது தடவை சலிச்சதும்தான் லிஸ்ட் அடங்குச்சு.

கே.கே.நகர் டிசைனர்:
எனக்கு நேர் எதிர், அண்ணே. உங்களுக்கு நிறைய வந்துச்சு, எனக்கு வரவேண்டியது வரல. பக்கத்துப் பக்கத்து ஜோனை ஒரே கோட்டுல வெட்டியிருந்தோம். பிராக்கெட் (தாங்கிப் பிடிக்கிற துண்டு) என் ஜோன், அதுக்குப் பக்கத்துல போற பைப் இன்னொரு பொண்ணோட ஜோன். கோட்டுக்கு அந்தப் பக்கம் 8 மில்லிமீட்டர்ல பைப், இந்தப் பக்கம் ஒட்டி என் பிராக்கெட். ரெண்டு பேருக்கு நடுவுல வேண்டிய இடைவெளி இல்ல, ஆனா ரெண்டு பேர் ஸ்கிரீன்லயும் பச்சை, பிரச்சினையே இல்லைன்னு. கஸ்டமர் ரிவ்யூல அசிங்கமாப் போச்சு. அதுல இருந்து ஜோனை நாலாபக்கமும் 100 மில்லிமீட்டர் பெருசாக்கித்தான் போடுறது. ஒரே பார்ட் ரெண்டு ஜோன்லயும் வந்தா வந்துட்டுப் போகட்டும்.

திருப்பரங்குன்றம் வாசி:
நான் பார்த்த வீல் வெல் காலி வீடு மாதிரி இருந்துச்சு. ஆஹா இடம் கிடக்கேன்னு ரெண்டு கட்டு வயரைத் தாராளமா இழுத்து விட்டேன். மாடல்ல கியர் கீழ இறங்கின நிலையிலதான் இருக்குன்னு யாருக்கும் தோணலை. மடக்கிப் பார்த்தப்போ டயர் வந்து என் வயர் மேலதான் உக்காந்துச்சு.

திருநகர்க்காரன்:
நல்லவேளை, ஸ்கிரீன்ல உக்காந்துச்சு. மடக்கின நிலைக்குத் தனி ஜோன் போட்டீங்களா, இல்ல கியர் சுழலுற பாதை மொத்தத்துக்கும் சேர்த்தா?

திருப்பரங்குன்றம் வாசி:
பாதை மொத்தத்துக்கும். கதவு திறக்கிறதையும் சேர்த்து.