பதிவு செய்த உயிலில் உள்ள மனையை அப்பா விற்றுவிட்டார்: உயிலை மாற்ற வேண்டுமா?

கும்பகோணத்து மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 2011இல் உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தார். அதில் வீட்டைத் தம்பிக்கும், ஊர் எல்லையில் இருந்த மனையை எனக்கும், வங்கி வைப்புத்தொகைகள் முழுவதையும் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார். 2019இல் அந்த மனையை விற்று, வந்த பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டார். அதற்குத் தம்பிதான் நாமினி. சாட்சிகள் இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். பதிவு செய்த உயில் இருக்கும்போது கவலை எதற்கு என்கிறார் அப்பா. நான் வற்புறுத்தினால் சொத்துக்கு ஆசைப்படுவதாகத் தோன்றுமோ என்று தயங்குகிறேன்.

பத்திர எழுத்தர்:
சகோதரி, மாற்றியே ஆக வேண்டும். குறிப்பிட்ட ஒரு சொத்தை இன்னாருக்கு என்று எழுதியவர் தம் வாழ்நாளிலேயே அதை விற்றுவிட்டால், உயிலின் அந்தப் பகுதி செயலற்றுப் போகிறது. விற்ற பணத்தின்மேல் உங்களுக்கு உரிமை தொடராது. "வைப்புத்தொகைகள் முழுவதும்" என்ற சொற்களோ, வேறு பொருள்பட எழுதப்படாதவரை, எழுதியவர் இறக்கும் நாளில் இருப்பவற்றைக் குறிக்கும் என்பதால், அந்தப் பணமும் உங்கள் தாயாருக்கே போகும். உங்கள் தந்தை இப்படி எண்ணி மனையை விற்றிருக்க மாட்டார்.

பதிவு என்பது உயில் உண்மையானது என்பதற்கு வலுச் சேர்க்கிறது, அவ்வளவே. அது கட்டாயமும் அல்ல, முத்திரைத்தாளும் தேவையில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது எழுதியவரின் கையொப்பமும் குறைந்தது இரு சாட்சிகளின் சான்றொப்பமும்தான். பின்னாளில் வழக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டியிருக்கும். ஆகவே தம்மைவிட இளையவர்களாகவும் உயிலால் பயனடையாதவர்களாகவும் உள்ள இருவரை உங்கள் தந்தை தேர்ந்தெடுக்கட்டும். இவ்வளவு மாறியிருக்கும் நிலையில், பழைய உயிலைத் திருத்தி அதனோடு சேர்க்கும் இணைப்பு உயிலைவிட, முந்தைய உயிலை ரத்து செய்வதாகத் தெளிவாகச் சொல்லும் புதிய உயிலே நல்லது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
நாமினியைப் பற்றி ஒரு விளக்கம். நாமினியிடம் பணத்தைக் கொடுப்பதோடு வங்கியின் பொறுப்பு முடிகிறது. ஆனால் அவர் அதை உரியவர்களுக்காகப் பெற்றுக்கொள்பவரே தவிர, உரிமையாளர் அல்லர். நிறுவனப் பங்குகளுக்கும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பொதுவாகப் பணம் அவர்களுக்கே உரியதாகிறது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு நாமினிகள் வரை பங்கு குறித்து நியமிக்க முடிகிறது. புதிய உயிலில் எழுதும் பங்கையே வங்கியிலும் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டும் முரண்படும் வீடுகளில்தான் உடன்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

கும்பகோணத்து மகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. புதிய உயிலில் ஏதேனும் ஒரு சொத்து விடுபட்டுப்போனால் என்ன ஆகும்? அப்பாவின் தாயார் இன்னும் எங்களோடு இருக்கிறார்.

பத்திர எழுத்தர்:
பலர் மறந்துவிடும் செய்தி இது. உயிலில் சேராத சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமல்லாமல் இறந்தவரின் தாயாருக்கும் சமமாகப் பிரியும். உங்கள் வீட்டில் அது நான்கு பங்காகும். பாட்டியும் உயில் எழுதாமல் போனால், அவருடைய பங்கில் உங்கள் அத்தைமார்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் உரிமை வரும். பாட்டிக்கு ஏதேனும் வைக்க விரும்பினால் அதை வெளிப்படையாக எழுதிவிட்டு, இதில் சொல்லப்படாத பிற சொத்துகள் அனைத்தும் இன்னாருக்கு என்ற பிரிவை உங்கள் தந்தை சேர்க்க வேண்டும்.

உங்கள் தயக்கத்தைப் பொறுத்தவரை, பங்கைப் பற்றிப் பேச வேண்டாம். விற்ற மனை இன்னும் உயிலில் இருக்கிறது என்பதை அம்மாவும் தம்பியும் இருக்கும்போதே சொல்லுங்கள். அதன்பின் நீங்களோ தம்பியோ முன்னின்று எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். பயனடைபவரே முன்னின்று எழுதுவித்த உயிலை நீதிமன்றங்கள் ஐயத்தோடு பார்க்கும் என்பது 1959ஆம் ஆண்டின் வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட கருத்து. தந்தையே வழக்கறிஞரிடம் சென்று சொல்லி எழுதட்டும். அவர் முதியவர் என்பதால், கையொப்பமிடும் நாளிலேயே மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி உயிலோடு வைத்துக்கொள்வது நல்லது.