ஸ்டாக் புக்கில் ஒட்டிக்கொண்ட எம்.ஜி.ஆர்., சிவாஜி தபால்தலைகள்: எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
1990-இல் வந்த 60 பைசா எம்.ஜி.ஆர்., 2001-இல் வந்த 4 ரூபாய் சிவாஜி, இரண்டும் புழங்காதவை (முத்திரை விழாதவை). மழைக்காலத்தில் பசை இளகி ஸ்டாக் புக்கோடு (தபால்தலைகளைச் செருகி வைக்கும் ஆல்பம்) ஒட்டிவிட்டன. சிவாஜியின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. தண்ணீரில் போடலாமா? முத்திரை குத்திய சாவித்திரி (2011) ஒன்றையும் உறையிலிருந்து கழற்ற வேண்டும்.

மறுமொழி 1:
புழங்காததைத் தண்ணீரில் போடவே கூடாது. தாள் பிழைக்கும், பசை போய்விடும். பசையோடு இருந்தால்தான் அதற்கு முழு மதிப்பு. ஒட்டிய பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஜிப் கவரில் காற்றில்லாமல் மூடி, ஃப்ரீசரில் சில மணி நேரம் வையுங்கள். குளிரில் பசை விறைத்துப் பிடி தளரும். எடுத்ததுமே மழுங்கிய முனை இடுக்கியால் மூலையிலிருந்து மெல்ல நெம்புங்கள். தாமதித்தால் ஈரம் கோத்து மறுபடி ஒட்டும். வரவில்லையா, இழுக்காதீர்கள், திரும்ப ஃப்ரீசருக்கு. இழுத்தால் தாளின் மேற்பரப்பு உரிந்து பின்புறம் மெலிந்துபோகும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

மறுமொழி 2:
சாவித்திரி முதல் நாள் உறையில் (வெளியீட்டு நாள் முத்திரையோடு வரும் சிறப்பு உறை) இருந்தால் கழற்றாதீர்கள், முழு உறைக்கே மதிப்பு. சாதாரணக் கடித உறை என்றால் சுற்றி 1 செ.மீ. விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் 15-20 நிமிடம். தானாக நழுவ வேண்டும். கலர் உறையைத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள், சாயம் இறங்கும். பசை வழுவழுப்பு போகும்வரை அலசி, முகம் கீழே இருக்க மையொற்றுத் தாளில் உலர்த்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு நாள்.

மறுமொழி 3:
பழுப்புப் புள்ளி பூஞ்சை வேலை. பிளீச்சிங் வேண்டாம், தாள் நைந்துவிடும். பரவாமல் அதைத் தனியே வையுங்கள். பசை போய்விட்டாலும் வருந்தாதீர்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி இரண்டும் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 'அரியது' என்று சொல்லி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். அரியது என்றால் ஜெர்மனியின் 2001 ஆட்ரி ஹெப்பர்ன் (ஹாலிவுட் நடிகை) தபால்தலை: சிகரெட் குழலோடு இருந்த படத்தைக் குடும்பம் ஏற்கவில்லை, அச்சிட்டதை அழித்தார்கள், தப்பியவை சிலவே. 2010-இல் பெர்லினில் 10 தபால்தலைகள் கொண்ட ஒரு தாள் 4,30,000 யூரோவுக்கு ஏலம் போனது.

இனி ஸ்டாக் புக்கைப் படுக்கப்போட்டு அடுக்காதீர்கள், புத்தகம்போல நிறுத்துங்கள். ஈரத்தில் இளகும் பசையைப் பாரமும் சேர்ந்து ஒட்டவைக்கிறது. பிவிசி பிளாஸ்டிக் உறைகளும் ஆகாது. பீரோவில் ஈரம் உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் போட்டு, நீலம் இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள்.