குறிப்பிட்ட எழுத்துகளைக் கொண்ட ஆங்கிலச் சொற்களை விரிதாளில் தேடும்போது பல சொற்கள் விடுபடுகின்றன: உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மகளும் ஆங்கிலச் சொல்லாட்டங்களை விரும்பி ஆடுகிறோம். ஆட்டம் முடிந்தபின், கையில் இருந்த எழுத்துகளுக்கு வேறு என்னென்ன சொற்கள் கிடைத்திருக்கும் என்று இருவரும் சேர்ந்து தேடிப் பார்ப்போம். இதற்காக ஒரு பெரிய ஆங்கிலச் சொற்பட்டியலை எக்செலில் ஒரே நெடுவரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். ஏ, எல், எஸ் ஆகிய மூன்றும் வரும் சொற்கள் வேண்டும் என்று வடிகட்டியில் அம்மூன்றையும் சேர்த்துத் தட்டினால், ஆல்சோ, சல்சா, பால்சா போன்றவை வருகின்றன. ஸ்னெயில், சோலார் ஆகியவை வருவதில்லை. இரண்டு இ வர வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வழி தெரியவில்லை. மேலும், இசட்-ஓ என்ற ஈரெழுத்துச் சொல் என் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நாங்கள் ஆடும் செயலி அதை ஏற்க மறுத்துவிட்டது. எங்கே தவறுகிறேன் என்று யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஐயா, உங்கள் பட்டியலில் குறையில்லை. கேள்வியை எக்செல் வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறது. மூன்று எழுத்துகளைச் சேர்த்துத் தட்டும்போது, அவை அதே வரிசையில் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்கும் சொற்களை மட்டுமே அது தேடும். ஸ்னெயிலில் எஸ் முதலிலும் எல் கடைசியிலும் இருப்பதால் அது விலக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் தனி நிபந்தனையாகக் கொடுக்க வேண்டும். பக்கத்து நெடுவரிசையில் கவுண்ட்இஃப்ஸ் என்ற சார்பை எழுதி, அதே சொல்லின் கட்டத்தை மூன்று முறை குறிப்பிட்டு, ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தை இரு நட்சத்திரக் குறிகளுக்கு இடையே மேற்கோளுக்குள் வையுங்கள்: "*ஏ*", "*எல்*", "*எஸ்*" என்பதுபோல; எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். மூன்றும் பொருந்தினால் 1 வரும், ஒன்று தவறினாலும் 0 வரும். பிறகு 1 உள்ள வரிகளை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம்.

நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும் இடம் விடும். எழுத்தே இல்லாவிட்டாலும் ஏற்கும். அதனால் "*இ*இ*" என்று எழுதினால் குறைந்தது இரண்டு இ உள்ள சொற்கள் மட்டும் வரும். அவை முழங்காலைக் குறிக்கும் நீ என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ளதுபோல் ஒட்டி நின்றாலும், செவன் என்ற சொல்லில் உள்ளதுபோல் விலகி நின்றாலும் பொருந்தும். "*இ*" என்ற நிபந்தனையை இருமுறை எழுதுவதால் பயனில்லை, ஏனெனில் ஒரே ஓர் இ இரண்டையும் நிறைவேற்றிவிடும். கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் விடுவதால், இரண்டாம் எழுத்து ஏ ஆகவும் கடைசி எழுத்து இ ஆகவும் உள்ள ஐந்தெழுத்துச் சொற்களுக்கு "?ஏ??இ" என்று கேட்கலாம். ஓர் எழுத்து வரவே கூடாது என்றால் அந்நிபந்தனையின் முன் <> என்ற குறியைச் சேர்த்தால் போதும்.

மறுமொழி 2

மேலே நண்பர் கூறியது, குறிப்பிட்ட எழுத்துகளைக் கொண்ட சொற்களுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் கேள்வியில் "கையில் இருந்த எழுத்துகள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எதிர்த்திசைத் தேடல். அங்கே சொல்லில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கையில் உள்ளவை அனைத்தும் சொல்லில் வர வேண்டியதில்லை. எல்லா எழுத்துகளையும் பயன்படுத்தும் சொற்களைக் காண, ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படுத்தி ஒரு சாவியாக வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். சேல், சீல் ஆகிய இரண்டுக்கும் ஏ-இ-எல்-எஸ் என்பதே சாவி. கையில் உள்ள எழுத்துகளையும் அப்படியே வரிசைப்படுத்திச் சாவிகளிடையே தேடினால், ஒரே குடும்பச் சொற்கள் எல்லாம் ஒருங்கே கிடைக்கும். எழுத்துகளின் எண்ணிக்கையும் தானாகவே சரிபார்க்கப்பட்டுவிடுவதால் நான் இம்முறையையே பெரிதும் விரும்புகிறேன்.

இசட்-ஓ பற்றி: அது இமயமலைப் பகுதியில் யாக் என்னும் மாட்டினத்தையும் பசுவினத்தையும் கலந்து வளர்க்கும் கால்நடையின் பெயர். ஸ்க்ராபிள் என்னும் சொல்லாட்டத்துக்கான காலின்ஸ் பட்டியல் அதை ஏற்கிறது. வட அமெரிக்கப் பட்டியல் ஏற்பதில்லை. உங்கள் செயலி பிந்தையதைப் பின்பற்றுகிறது போலும். க்யூ-ஐ என்ற சொல்லோ இரண்டிலும் செல்லும். வட அமெரிக்கப் பட்டியலில் அது 2006ஆம் ஆண்டு இடம்பெற்றது. ஆங்கில ஸ்க்ராபிளின் 100 வில்லைகளில் க்யூ ஒன்றே, யு நான்கே என்பதால், யு இன்றி க்யூவை இறக்க உதவும் க்யூ-ஏ-டி, எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் போன்ற சொற்களை இருவரும் இப்போதே கற்றுக்கொள்வது நல்லது. முதற்சொல்லின் கடைசி எழுத்து டேபிள் என்ற சொல்லின் முதலெழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டு டி-க்களும் ஒன்றுபோல் தெரிவதால் இதைச் சொல்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கவுண்ட்இஃப்ஸ் மிக நன்றாக வேலை செய்கிறது. ஸ்னெயிலும் சோலாரும் வந்துவிட்டன. ஆனால் ஃபால்ஸ் என்ற சொல் மட்டும் வரவில்லை என்று என் மகள் கண்டுபிடித்தாள். அதில் மூன்று எழுத்துகளும் அடுத்தடுத்தே இருக்கின்றன. பட்டியலிலும் அச்சொல் கண்ணுக்குத் தெரிகிறது.

மறுமொழி 1

கூர்மையாகப் பார்த்திருக்கிறார், அவரிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். ட்ரூ, ஃபால்ஸ் ஆகிய இரு சொற்களையும் எக்செல் சொற்களாகக் கொள்ளாமல், உண்மை, பொய் என்னும் தருக்க மதிப்புகளாக மாற்றிவிடுகிறது. நட்சத்திரக் குறி எழுத்துத் தொடர்களோடு மட்டுமே பொருந்தும் என்பதால் அவை விடுபடுகின்றன. புதிய நெடுவரிசையின் வடிவத்தை முதலில் "டெக்ஸ்ட்" என மாற்றிவிட்டு, அதன்பின் பட்டியலை மீண்டும் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் பழைய மதிப்பு அப்படியே நின்றுவிடும்.

கேட்டவரின் மறுமொழி

நெடுவரிசையை மாற்றி மீண்டும் ஒட்டினேன். ஃபால்ஸ் வந்துவிட்டது.