தலைக்கு மேல் அடுக்கியவை: சிறு பட்டறைக்காரர்களின் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:
இஸ்தோப்பை, அதாவது வீட்டு முன் திண்ணையை, அடைத்துப் பட்டறை நடத்துபவர்களுக்குத் தரையில் இடம் இருக்காது என்பதை விளக்கத் தேவையில்லை. நான் தொழில் பழகிய பாஸின் (தச்சு மேஸ்திரியின்) பட்டறையிலும் பலகைகள் எல்லாம் உத்திரத்தில் தொங்கிய பரணில்தான் கிடந்தன. ஆடி மாத மழையில் ஒரு பிற்பகல், தேநீர் குடிக்க நாங்கள் வெளியே வந்த நேரத்தில், அந்தப் பரணின் ஒரு முனை இறங்கிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த ஆணிகளை என்னால் மறக்க முடியவில்லை: ஒன்றுகூட வளையவோ முறியவோ இல்லை, அடித்தபோது இருந்தபடியே நேராக, நுனிகள் மேல்நோக்கி நிற்க, தாங்குகட்டையோடு தரையில் கிடந்தன. கட்டையை உத்திரத்தின் அடிப்பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக ஆணி அடித்திருந்ததால், அத்தனை பாரமும் ஆணிகளைப் பிடுங்கும் திசையிலேயே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து:
ஹட்டன் நண்பர் ஆணியை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உத்திரத்தின் பக்கவாட்டில் அடித்த ஆணிகள் என் பட்டறையில் இன்றும் அசையாமல் நிற்கின்றன. ஏற்றும் பாரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்பதே என் கவலை. எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்றே ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். நான்கை ஏற்றினால் இரண்டு ஆட்களின் எடை. வெலிமடையில் என் மச்சானின் பட்டறைப் பரண் கதவுக்கு நேர் மேலே இருந்தது. ஒரு காலையில் கதவு திறக்கவில்லை. பரண் தொய்ந்து கதவின் தலையில் உட்கார்ந்திருந்தது. சன்னல் வழியாக உள்ளே இறங்கிப் பார்த்தால், இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டைகளைப் படுக்கையாக வைத்திருக்கிறார்! அதே கட்டையை நான்கு அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைத்திருந்தால் தொய்வு நான்கில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கியிருந்தால் இன்னும் எவ்வளவோ குறைந்திருக்கும்.

தலவாக்கலையிலிருந்து:
இருவரும் பாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்; எங்கள் பக்கத்தில் ஈரம்தான் முதல் எதிரி. பண்டாரவளையில் காற்று காய்ந்திருக்கும் மாதங்களிலும் இங்கே தென்மேல் பருவமழை விடாது. கூரைத் தகரத்தை ஒட்டி அடுக்கியிருந்த பைனஸ் பலகைகளை ஒரு வாடிக்கையாளர் முன்னிலையில் இறக்கினேன். மேல் பலகை முழுவதும் நீலமும் கறுப்புமாகப் பூத்திருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்து, விரலைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். கூரையில் ஓட்டை ஏதும் இல்லை. இரவில் குளிர்ந்த தகரத்தின் அடியில் அறையின் ஈரக்காற்று பட்டு, நீராகத் திரண்டு, விடியும்போது சொட்டியிருக்கிறது.

ஆகவே பரண் போட இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தகரத்துக்கும் மேல் பலகைக்கும் இடையே ஒரு முழமாவது விடுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரே தடிப்புள்ள மெல்லிய சட்டங்களை, ஒன்றின் நேர் மேல் ஒன்றாக வையுங்கள். அவை முன்பின்னாக இருந்தால் பலகை வளைந்துவிடும். பொலித்தீனால் இறுகச் சுற்றாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே தங்கும். தின்னர், வார்னிஷ் டின்களை மேலே ஏற்றவே வேண்டாம்: வெயில் அடித்தால் தகரத்தடியில் சூடு ஏறும், கைதவறினால் கண்ணில் கொட்டும். திருகாணிகளுக்கு ஜாம் போத்தல்களே போதும். மூடிகளைத் தட்டின் அடிப்பக்கத்தில் இரண்டிரண்டு திருகாணிகளால் பொருத்துங்கள். ஒன்று மட்டும் போட்டால் போத்தலைத் திருகும்போது மூடியும் சேர்ந்து சுழலும்.

நுவரெலியாவிலிருந்து:
தலவாக்கலை அண்ணன் சொன்ன போத்தல்கள் என் தையல் அறையிலும் தொங்குகின்றன, பொத்தான்களுக்கு அவை மிகவும் வசதி. ஆனால் ஹட்டன் அண்ணன் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். அந்தப் பாஸ் பரணை மறுபடி எப்படிக் கட்டினார்?

ஹட்டனிலிருந்து:
தங்கச்சி, அதே உத்திரம், அதே கட்டைகள்தான். கட்டைகளை உத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி, இரண்டையும் ஊடுருவும்படி துளையிட்டு, போல்ட் போட்டு, இரு பக்கமும் அகலமான வாஷர் வைத்து முறுக்கினார். பாரமான பலகைகளைச் சுவரோரமாகவும், இலேசான சட்டங்களை நடுவிலுமாக ஏற்றினார். பண்டாரவளை நண்பர் சொன்ன பக்கவாட்டு முறைதான் அது. ஆணிக்குப் பதில் போல்ட்.