ராத்திரிச் சோற்றை முழுசாக விடணுமா, குறைத்தால் போதுமா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 43, உயரம் 158 செ.மீ. மார்ச்சில் 84 கிலோ, இப்போது 79. ஏழு வாரமாக முள் அசையவே இல்லை. கிளினிக்கில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.0 என்று வந்தது. இன்னும் மருந்து தரவில்லை. அம்மாவுக்கு இனிப்புநீரால் (நீரிழிவால்) ஒரு கால் போனது, அதனால்தான் இந்த அவசரம்.

முதலில் சோற்றை அடியோடு நிறுத்தினேன். மூன்று வாரத்தில் 3 கிலோ இறங்கியது. ஆனால் எனக்குச் செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை. பத்து மணி வெயிலில் கண் இருட்டி, கை நடுங்கும். ஒரு நாள் உதிரிப்பழம் பொறுக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பசி தாங்காமல் இரண்டு தட்டு சாப்பிடுவேன். அதோடு அந்த முறையை விட்டுவிட்டேன்.

பிறகு தே தாரிக்குக்கு (இனிப்புப் பால் தேநீர்) பதில் தே ஓ கொசோங் (பால், சீனி இல்லாத தேநீர்). அது பழகிவிட்டது. ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) ஞாயிறு மட்டும். கிளினிக்கில் சொன்ன 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் 'கால், கால், பாதி') தட்டுதான் இப்போது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதி காயும் பழமும். மதியம் இதைச் சரியாகச் செய்கிறேன். ராத்திரியில்தான் அளவு மீறுகிறது. எட்டரைக்கு மேல்தான் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறோம். சூடான சோறும் மீன்குழம்பும் இருக்க, நான் மட்டும் வெறும் காயோடு உட்கார மனம் வரவில்லை.

உடல் உழைப்பு வேலையில் இருந்துகொண்டே எடை குறைத்தவர்கள் சொல்லுங்கள்: எடை இப்படி நின்றபோது ராத்திரிச் சோற்றை முழுசாக விட்டீர்களா, அளவை மட்டும் குறைத்தீர்களா?